ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலம்தான் என்று அவள் சொல்கிறாள், கும்பகோணத்து டாக்டர் போட்ட ஊசிதான் என்று நான் சொல்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லையம்மா.

குறுவை நட்டுப் பதினைந்து நாளாகிறது. ஆற்றில் தண்ணீர் குறைவு, அதனால் நம் வாய்க்காலில் ஆளுக்கு வாரம் அரை நாள் முறை வைத்திருக்கிறார்கள். மேலே உன் உசேன் மாமா, நடுவில் தங்கையன் சித்தப்பா, கடைசியில் நாம். போன சனிக்கிழமை நம் முறைக்குத் தண்ணீர் நூலாக வந்தது, பாதி வயல் நனையவில்லை. ஞாயிறு காலை தங்கையன் முறை. அவன் மடையைத் திறந்துவிட்டு, கர்த்தருடைய நாளில் வயலில் நிற்கமாட்டேன் என்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டான். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அதே வரப்பில்தான் போனேன். என்ன புத்தி அது, குனிந்து நாலு கை சேற்றை அள்ளி அவன் மடையை அடைத்தேன், தண்ணீர் நம் வயலுக்கு ஓடியது. அன்றைக்கு வேதபாடம் வாசிக்க வேண்டியவன் நான், சபை மூப்பர் அல்லவா. எஜமான் திரும்பி வந்து வேலைக்காரர்களிடம் கணக்குக் கேட்கிற பகுதி. நகத்தில் சேறு காயுமுன்னே அதைச் சத்தமாக வாசித்தேன். ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடி அடைப்பை எடுத்தேன். அதற்குள் அவன் முறை முடிந்துவிட்டது.

மடை திறந்திருக்கிறது, வயல் காய்ந்திருக்கிறது, தங்கையன் என்ன நினைப்பான்? மேலே உசேன்தான் மறித்துவிட்டார் என்று தெருவில் நின்று கத்தினான். நேற்று வாய்க்கால்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். உசேன் என்னைப் பார்த்து, “மருதையண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள் என்றேன். வருகிற திங்கட்கிழமை அவருக்குத் தண்ணீர் கிடையாது என்று முடிவாகிவிட்டது. அவர் வயல் மணல்சாரி, ஒரு முறை தப்பினால் நாற்று கருகிவிடும். அம்மா ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பதினோரு நாள் கமருன்னிஸா அத்தை கஞ்சி கொண்டுவந்தாளே, அந்த வீட்டு வயல். வெட்கமாக இருக்கிறது.

முதலில் சபையில் எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம் ஆட்கள்தானே, போதகர் ஐயரும் ஜெபம் பண்ணுவார், இரண்டு பேர் கண்ணைத் துடைப்பார்கள், எனக்குப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அங்கே உசேன் இருக்கமாட்டாரே. அதனால் நாளைக் காலை முதலில் அவர் வீட்டு வாசல், அப்புறம் தங்கையன், அப்புறம்தான் சபை. நம் அடுத்த முறைத் தண்ணீரைத் தங்கையனுக்கு விட்டுவிடுவேன், மூப்பர் பொறுப்பையும் ஐயரிடம் ஒப்படைப்பேன். அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். உனக்குப் பத்து வயதில், மனப்பாட வசனத்தை உள்ளங்கையில் எழுதி வைத்து ஞாயிறு பள்ளிப் பரிசு வாங்கினாய். அந்த டிபன் பாக்ஸை எல்லார் முன்னாலும் ஐயர் கையில் திருப்பிக் கொடுக்க வைத்தேன். எப்படி அழுதாய், நான் அசையவில்லை. ஒரு வாரமாக அது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணியைப் போலக் காக்கட்டும். பிள்ளைக்குத் தூங்குமுன் ஜெபம் சொல்லிக்கொடு. நாளை இங்கே சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய், நலம் விசாரிக்க வேண்டாம், உசேன் மாமா வீட்டுக்குப் போனீங்களா என்று மட்டும் கேள். நான் ஏதாவது சொல்லி இழுத்தால், அந்த டிபன் பாக்ஸைச் சொல்லு.

இப்படிக்கு
உன் அப்பா
தே. மருதையன்