பரவால்ல சார்

20 ஆகஸ்ட் 2013, செவ்வாய்

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னித்துக்கொள், யாழினி. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை.

யாழினியின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நிறுத்தியது தவறுதான் என்று இன்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். குழந்தை நன்றாக நடக்கிறாள் என்று யாரோ வீட்டுக்கு வராமலே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் அவளைக் காஞ்சிபுரத்துக்கு பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். பணம் நின்றதும் அதை விட்டோம். சுவரைப் பிடித்து எழுந்தவள் இப்போது எழுவதே இல்லை.

"நஷ்டஈடு கேட்டு மனு குடுக்கிறீங்களா, இல்ல இதோட முடிச்சுக்கலாமா?" என்றார் அதிகாரி. நான் வாயைத் திறப்பதற்குள் யாழினியின் அப்பா முந்திக்கொண்டார்.

"பரவால்ல சார். இனிமே ஒழுங்கா வந்தா போதும் சார்."

நஷ்டஈடு வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். போதாதென்று ஒரு கும்பிடு வேறு.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஆபீசரைப் பகைச்சிக்கினு இன்னா பண்ணப்போற? குடுக்கறதையும் நிறுத்திட்டா? பி.காம். படிச்ச திமிரு உனக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீசில் யாரும் யாழினியைப் பார்த்ததில்லை. தினமும் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுவது நீங்கள்தானே? உங்களுக்கு எப்படி அந்த வார்த்தை வந்தது?

ஆமாம், உங்களைத்தான் கேட்கிறேன். யாருக்கும் காட்டாத இந்த டைரியை இன்று திறந்தே வைக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படியுங்கள். கையெழுத்தைத் திரும்பப் பெற என்னோடு வருவீர்களா, மாட்டீர்களா? நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் என்னை எழுப்பி, சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.