பதிலுக்கு நின்றவன்

03.06.2024, திங்கள்

சோளகக் காற்று. என் மொழிபெயர்ப்புக் கந்தோர் மேசையில் ஒரு தாளும் நிற்கமாட்டேன் என்கிறது. பளையிலிருந்து ஓர் அம்மா வந்தா. மகனுக்கு லண்டனில் கலியாணமாம், அங்குள்ள தேவாலயத்தில். அங்கேயிருந்து வந்த கடிதம் தமிழில் வேண்டுமாம். கடிதத்தின் அடியில் கையெழுத்து, அதற்குக் கீழே ‘விகார்’ என்ற பதவி.

“இவர் ஆர் தம்பி? பாதரோ?”

“பாதர் மாதிரித்தான் அம்மா.”

மாதிரி என்று எழுதி முத்திரை குத்த முடியாது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரச் சொன்னேன்.

04.06

பெரிய அகராதியை இறக்கினேன். விகார் என்பது லத்தீன் ‘விகாரியுஸ்’ஸிலிருந்து வந்திருக்கிறது. ஒருவருக்குப் பதிலாக நிற்பவன் என்று பொருள். சாமியும் இல்லை, பூசையும் இல்லை. ரோமாபுரியில் அடிமை ஒருவனின் வேலையைச் செய்யும் இன்னோர் அடிமைக்கும் இதே பெயர். பிற்காலத்தில் இங்கிலாந்துக் கோயில்கள் பலவற்றின் உரிமை எங்கோ தூரத்து மடங்களிடம் போயிருக்கிறது. உரிமைக்காரர் அங்கே இருக்கமாட்டார். அவருக்குப் பதிலாக ஞானஸ்நானம் கொடுக்கவும் சவம் அடக்கவும் ஓர் ஆள். அவன்தான் விகார். பிறகு ஒரு ராசா மடங்களையே கலைத்துவிட்டான். ஐந்நூறு வருடமாகப் போகிறது, பதிலாள் என்ற பெயர் மட்டும் கலையவில்லை.

அகராதியை மூடினேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக எங்கள் குடும்பத்துக் குளக்கட்டு ஐயனாருக்குப் பூசை வைக்கிறேன். ஆனால் பூசாரி நானில்லை, அண்ணன் அப்புத்துரை. 2009 மே மாதம், சண்டை முடிந்தபோது, இராணுவத்தார் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரவில்லை. வரும்வரைக்கும் நான்.

07.06, வெள்ளி

காலைப் பூசை முடிந்தது. எங்கள் ஐயனாருக்கு மந்திரம் கிடையாது. வெள்ளைச் சீலைத்துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, பேசாமல் செய்யும் பூசை. முடிந்ததும் சீலையை அவிழ்த்து, கழுவி, கதவடி ஆணியில் விரித்துப் போட்டுவிட்டு வருவேன். போன வெள்ளியும் அப்படித்தான் போட்டேன்.

இன்று போனபோது அது கட்டியிருந்தது. வட்டமாக, யாரோ தலையிலிருந்து கழற்றி மாட்டியதுபோல. முடிச்சு இடது பக்கம், ஒரு முனை உள்ளே செருகியபடி. அண்ணனுக்கு இடக்கைப் பழக்கம். அவர் அப்படித்தான் கட்டுவார்.

குரங்கு ஏதும்— குரங்கு முடிச்சுப் போடுமா? எனக்கு விசர் பிடித்துவிட்டது.

10.06

கமலாட்சி அண்ணி வந்தா. அண்ணன் பெயரிலுள்ள காணியை மகள் பிரஷாந்தினியின் பெயருக்கு மாற்ற, அண்ணனுக்கு ஒரு சான்றிதழ் தேவை. இறந்தவர் என்று எடுக்கலாம், அல்லது காணாமற்போனவர் என்று எடுக்கலாம். இரண்டு படிவத்தையும் என் மேசையில் வைத்தா.

“மகள் செத்தவர் எண்டு எடுக்கச் சொல்லுறாள். எனக்கு ஏலாது தம்பி. நீங்கள் ஐயனாரிட்டைக் கேளுங்கோ. அவர் என்ன சொல்லுறாரோ அதை நிரப்புவம்.”

கேட்பது என்றால் இதுதான். பூசாரி செத்தால், அவர் இடத்துக்கு வருபவன் வாய்ச்சீலையை அவிழ்த்துவிட்டுக் கதவடியில் நின்று அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் இல்லாவிட்டால் சீலை புதியவனுக்கு, வந்தால் அவருக்கே. அப்பா அப்படித்தான் பெரியப்பாவுக்குக் கூப்பிட்டார். சின்னனில் நானும் அண்ணனும் ஒளித்திருந்து சிரித்தோம்.

யோசிக்கிறன் எண்டு சொல்லி அனுப்பினேன். என்னத்தை யோசிக்க? கூப்பிட்டால் நானே அவரைச் சாகடித்தமாதிரி.

14.06, வெள்ளி

இன்றும் கட்டியிருந்தது. இடது பக்கம். சீலை ஈரமாக இருந்தது, வாய் படுகிற இடத்தில் மட்டும்.

15.06

இதை ஒருநாளும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

அண்ணனைக் கொண்டுபோன அன்று, இராணுவத்தின் முள்வேலிக்குள் எல்லோரும் நிலத்தில் இருந்தோம். ஒருவன் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தான். கனகலிங்கம் என்றான். என் பெயர். எனக்கு நல்ல காய்ச்சல், ஆனால் காது கேட்டது. வடிவாகக் கேட்டது. எழும்பப் பயம். பயத்திலை செத்துப்போய்க் கிடந்தனான். இரண்டாம் தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அண்ணன் எழும்பி “ஓம்” என்றார். போனார்.

அந்தத் தாள் எங்கேயாவது இருந்தால் அதில் என் பெயர்தான் இருக்கும். நான் அவருக்குப் பதிலாள் என்று ஊர் நினைக்கிறது. ஐயோ, முதலில் பதிலுக்கு நின்றது அவரல்லவா.

18.06

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். குசினி வாசலில் நின்றுகொண்டே சொன்னேன், இருக்க மனம் வரவில்லை. அவா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகு நிற்கவில்லை.

“தெரியும் தம்பி. நான் பக்கத்திலைதானே இருந்தனான். அவர் எழும்பேக்கை சாரத்தைப் பிடிச்சு இழுத்தனான். தட்டிவிட்டிட்டுப் போனவர்.”

“ஏன் இவ்வளவு காலமும் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டால் நீங்களும் போயிடுவியள் எண்டு பயம்.”

அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், விக்கி விக்கி.

கோயிலில் அந்தச் சீலையைக் கட்டி வைப்பது நீங்களோ என்றும் கேட்டேன். “ஐயனாரின்ரை சீலையை நான் தொடுவனே?” என்று கோபித்துக்கொண்டா.

21.06, வெள்ளி

அண்ணியும் நானும் கூப்பிட்டுப் பார்க்கக் கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில், பத்து மணி இருக்கும். குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. சோளகம் அங்கே மட்டும் ஏனோ அடிக்கவில்லை, மரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

பூசை முடித்துச் சீலையை அவிழ்த்தேன். அண்ணி பின்னால் நின்றா.

அப்புத்துரை என்று கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. மூன்றாம் தரமும் பெயரை முழுதாகக் கூப்பிட்டேன்.

“ஓம்.”

பலமாக இல்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வதுபோல, அலுப்போடு. அன்றைக்கு எழும்பியபோது சொன்ன அதே ஓம்.

அண்ணி என் கையைப் பிடித்தா. அவாவின் விரல் குளிர்ந்திருந்தது.

“நீங்கள்தானே தம்பி சொன்னது?”

“நான்தான்” என்றேன்.

அந்த ஓமுக்கு நான் வாய் திறக்கவில்லை.

24.06

காணாமற்போனவர் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். பிரஷாந்தினிக்கு என்னோடு கோபம். இருக்கட்டும்.

பளை அம்மாவின் கடிதத்தையும் முடித்தேன். ‘விகார்’ என்ற இடத்தில் ‘பதில் குரு’ என்று போட்டேன். வாசித்துவிட்டுக் கேட்டா, “அப்ப உண்மையான குரு வந்தவுடனை இவர் போயிடுவாரோ?” முத்திரையை இரண்டு தரம் குத்தினேன், முதல் தரம் சரியாக விழவில்லை.

28.06, வெள்ளி

காலைப் பூசை. சீலை ஆணியில் கட்டியபடியே இருந்தது. இந்தமுறை அந்த இடக்கை முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே தலைவழியாக வாய்க்கு மாட்டிக்கொண்டேன். அளவாக இருந்தது.