மார்ச் இரண்டாம் வாரம்

புவெர்த்தோ வயார்த்தா,
மார்ச் 9, 1997, ஞாயிறு

ஃபெர்மினுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இந்த ரிசார்ட்டில் வந்து இறங்கியதிலிருந்து அதுவே எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. ஏன் என்று உனக்கே தெரியும்.

நேற்று மதியம் வந்து சாவி வாங்கிக்கொண்டு, கிடங்கிலிருந்து நம் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னேன். போன வருடம் உன் முறை முடிந்து கிளம்பும்போது நீ கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. காபிக் கெட்டிலைக் கழுவாமலே வைத்திருக்கிறாய். அடியில் கறை கல்லாகிக் கிடக்கிறது. உன்னைத் திட்டி எழுத அது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறினேன்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் எதிரே அடுத்த அறைப் பெரியவர் டோன்யா எர்லிண்டா. கையிலிருந்த பை நழுவி, எலுமிச்சம்பழங்கள் நடைவழி முழுக்க உருண்டன. அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, சந்தையில் பப்பாளி பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீதானா பொண்ணே? எழுந்து நடந்து வந்துட்டியா?" என்றார்.

கனடாக்கார டக் தொப்பியைக் கழற்றினார். அவர் மனைவி அழுதாள். எனக்கு நாற்காலி வந்தது, போர்வை வந்தது, சாயங்காலம் கோழி சூப் வந்தது. இன்று காலை கடலில் கால் நனைக்கப் போனால் டக் பின்னாலேயே ஓடிவந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வருடத்தில் இந்த ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள், சொந்தத் தங்கை பிழைத்து வந்ததுபோல் பூரிக்கிறார்கள். எனக்கு ரத்தத்தில் வியாதி என்று நீ போன வருடம் சொல்லியிருக்கிறாய் என்பது சூப்பைக் குடித்து முடிக்கும்போதுதான் புரிந்தது.

நான் மறுக்கவில்லை. நீ சொன்னதற்கு ஆமாம் போட்டே பழகிய வாய், தானாக மூடிக்கொண்டது.

என்னென்ன சொன்னாய் என்று எழுது. மாலைக்குள் பஸ் பார்சலில் கொடுத்தால் மறுநாள் வந்துவிடும். போன் செய்யாதே. வரவேற்பில் நின்றுதான் பேச வேண்டும். அங்கே எல்லோருக்கும் காது நீளம்.

அம்பாரோ


குவாதலஹாரா,
மார்ச் 10, திங்கள்

என் ஒல்லிக்கு,

அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். பேனா கேட்கவில்லை.

உன் கடிதத்தை க்ளினிக்கில் வைத்துப் படித்தேன். ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நான் பிடுங்கியது சரியான பல்தானா என்பது மாதாவுக்குத்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் முதல் நாள் சாயங்காலம் டோன்யா எர்லிண்டா தன் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டுவைத்திருந்தார், எப்போதும் போல. "எங்கப்பா உன் பொண்டாட்டி?" என்றார். 'என்னை விட்டுப் போய்விட்டாள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'உடம்பு சரியில்லை' என்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். ஜலதோஷத்துக்காக யாரும் கடலை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கமாட்டார்கள் இல்லையா? புதன்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை நிலைமை மோசமாகிவிட்டது. சனிக்கிழமை அறையைக் காலி செய்யும் நாளாக இல்லாவிட்டால் உன்னைப் புதைத்தே இருப்பேன்.

சிரிக்கிறாயா? சிரிக்கமாட்டாய்.

ஒரு விஷயம் மட்டும் யோசித்துப் பார். வியாதி என்றால் யார் மேலும் தப்பில்லை. நீ என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாய், நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை.

வீடு எனக்கு, கார் உனக்கு என்று வக்கீல் எல்லாவற்றையும் வெட்டிக் கொடுத்தார். இந்த வாரத்தை மட்டும் வெட்ட முடியாமல் ஒரு வருடம் உனக்கு, ஒரு வருடம் எனக்கு என்றார். இன்னும் நாலைந்து நாள்தான். பிழைத்து வந்தவளாக இருந்துவிட்டு வா. அடுத்த வருடம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கெட்டிலுக்கு மன்னிப்பு. கொஞ்சம் எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவை.

உன்
ஃபெர்மின்


புவெர்த்தோ வயார்த்தா,
மார்ச் 12, புதன்

ஃபெர்மின்,

நாலைந்து நாளில் முடிகிற விஷயமில்லை இது. உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை கீழே காபி குடித்துக்கொண்டிருந்தோம். வருடத்தில் ஒரு வாரம் இங்கே தங்கும் உரிமையை விற்கப் புதிதாக வந்திருக்கும் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். நமக்கு விற்றவனைப் போலவே பேச்சு. இலவசக் காலைச் சாப்பாடு, படகுச் சவாரி, ஆனால் தம்பதியாக வந்து உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். "சார் எங்கே மேடம்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் டோன்யா எர்லிண்டா அவனைப் பிடித்துக்கொண்டார். "செத்துப் பிழைச்சு வந்தவகிட்ட வந்து வாரம் விக்கிறியா? போய் அந்த அமெரிக்காக்காரங்கள ஏமாத்து, போ." அவன் போன பிறகும் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டே, கோபம் வந்தால் பேஸ்மேக்கர் குதிக்கிறது என்று சிரித்தார். பிறகுதான் சொன்னார்.

போன வருடம் உன்னை வழியனுப்பிய கையோடு மலைக்கு அப்பால் இருக்கும் தால்பா கோயில் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் பிழைத்தால் மலைவழியாக நடந்தே வந்து, தன் பின்னலை வெட்டிக் காணிக்கை வைப்பதாக. இடுப்பைத் தொடும் அந்த வெள்ளைப் பின்னலை நீயே எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய்! நான் பிழைத்துவிட்டேன். அதனால் சனிக்கிழமை அறையைக் காலி செய்ததும் மாஸ்கோத்தா ஊர் வரை வேனில் போய், அங்கிருந்து நடக்கப் போகிறார். புனித சூசையப்பர் திருநாளுக்குள் போய்ச் சேர வேண்டுமாம். படியேறவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனுஷி அவர். நம் தளத்துக்கே லிஃப்டில்தான் வருகிறார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அவ்வளவு ஒண்ணும் மோசமா இல்ல டோன்யா" என்றேன். "பிழைச்சவங்க எல்லாரும் அப்படித்தாண்டி சொல்வாங்க" என்று தொடையில் தட்டிவிட்டுப் போய்விட்டார். செருப்பு புதிதாக வாங்கியிருக்கிறார். பழக்கப்படுத்துவதற்காக அதைப் போட்டுக்கொண்டு நடைவழியில் நடந்துகொண்டே இருக்கிறார். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

என் அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை, நீ கருத்தரங்குக்குப் போய்வா' என்று சொன்னாய். எனக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பி வந்தபோது அப்பா இல்லை. உன் பொய்கள் எல்லாமே இரக்கமுள்ளவை. அவற்றுக்காக நடக்க வேண்டியவர் மட்டும் எப்போதும் வேறு யாராகவோ இருக்கிறார்.

சனிக்கிழமைக்குள் இங்கே வா. இரவு பஸ் ஏறினால் காலையில் வந்துவிடலாம். நானே சொல்லிவிட முடியும். ஆனால் இந்த ஒரு தடவை நீ சொல்ல வேண்டும். வந்து அவர் முன்னால் நின்று சொல்லிவிட்டாயானால், அதற்குப் பிறகு நீ என்னிடம் என்ன பேசினாலும் உட்கார்ந்து கேட்பேன். இதை நான் லேசாக எழுதவில்லை.

அம்பாரோ


குவாதலஹாரா,
மார்ச் 13, வியாழன்

என் ஒல்லிக்கு,

உன் கடைசி வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பையைக்கூட எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன்.

ஆனால் நாளை க்ளினிக் முழுக்க ஆட்கள். இரண்டு பேருக்குப் பல் கட்ட அளவெடுத்து வைத்திருக்கிறேன். அவர்களை அப்படியே விட்டுவிட முடியாது. அதோடு, யோசித்துப் பார்த்தால், உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவின் நெஞ்சு தாங்குமா? ஒரு வருடம் எனக்காகவும் உனக்காகவும் ஜெபம் செய்தவர். நாம் போய் அதைப் பிடுங்கிக்கொள்வதா?

வேறு வழி இருக்கிறது. டாக்சி பிடித்து அவரை தால்பா வாசல் வரை கூட்டிக்கொண்டு போ. கடைசிக் கொஞ்ச தூரம் நடக்கட்டும். முட்டி வலிக்கு வேண்டுமானால் மாத்திரை எழுதி அனுப்புகிறேன். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நடக்கக் கூடாது என்று யாராவது பாதிரியார் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிரிக்காமல் கேள். நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் நான் சொன்னது பொய்யே இல்லை. படுத்தாள், பிழைத்தாள், வீடு வந்தாள். அவ்வளவுதானே கதை? உலகத்தில் நீ இன்னமும் என் மனைவியாக இருக்கும் இடம் அந்த மூன்றாம் மாடி ஒன்றுதான். அதையும் என் வாயாலேயே இல்லாமல் செய்யச் சொல்கிறாய்.

என்னால் முடியவில்லை, ஒல்லி. கோபித்துக்கொள்ளாதே.

உன்
ஃபெர்மின்


தால்பா,
மார்ச் 19, புதன்

ஃபெர்மின்,

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைப் படித்து முடித்து, நேராக அடுத்த அறைக்குப் போனேன். டோன்யா எர்லிண்டா பால்கனியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"டோன்யா, எனக்கு வியாதி எதுவும் இல்ல."

"இல்லதான். அதான் போயிடுச்சே."

"இருந்ததே இல்ல. நான் ஃபெர்மின விட்டுட்டு வந்துட்டேன். அதச் சொல்ல அவனுக்கு வாய் வரல."

கத்தி நின்றது. கீழே நீச்சல் குளத்தில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். பாதி உரித்த ஆரஞ்சை மடியில் வைத்தார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏண்டி, ஒரு வருஷம் முட்டி போட்டேனே. வியாதின்னு சொன்னதால வியாதிக்குக் கேட்டேன். இதுன்னு சொல்லியிருந்தா இதுக்குக் கேட்டிருப்பேனே" என்றார்.

இனி நடக்க வேண்டாம், எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார், ஒரு மாதிரி எரிச்சலோடு.

"நீ உயிரோட இருக்கணும்னு கேட்டேன். இருக்க. மாதாகிட்டப் போயி, 'நீங்க ஒண்ணும் செய்யலையாமே, அதனால என் முடி என்கிட்டயே இருக்கட்டும்'னு சொல்லவா? அவன் பொய் சொன்னான்னா அது அவன் பாடு. நான் சொன்ன சொல்லு என் சொல்லு."

அதனால் நானும் கூட நடந்தேன். வேறென்ன செய்வது? மலையில் வெயில். அவர் நடந்ததை விட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். மூச்சு அடங்கும் வரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் விட மனமில்லை. அவர் உதடு நீலமாக இருந்த ஒரு இடத்தில் உன்னை முழுமனதாக வெறுத்தேன். பிறகு இறக்கம் வந்தது, ஊர் தெரிந்தது, கோயில் கோபுரம் தெரிந்தது. அவர் என் தோளில் சாய்ந்தபடி, "அவன் கெட்டவன் இல்ல. பயந்தாங்கொள்ளி. கெட்டவனா இருந்தா நீ அப்பவே போயிருப்ப" என்றார். சரிதான். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாலு வருடம் ஆனது.

பின்னலை வெட்டியது நான்தான். அவர் கேட்டுக்கொண்டார். கத்தரிக்கோல் மொண்ணை, சுலபத்தில் அறுபடவில்லை. வெட்டிய பிறகு அவர் கழுத்து குழந்தையின் கழுத்தைப் போல இருந்தது. அதைப் பார்த்ததும் என்னையறியாமல் அழுகை வந்துவிட்டது. எனக்காக ஏதாவது கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

வக்கீலின் விவாகரத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பஸ் பார்சலில் இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அடுத்த வருடம் உன் முறை. அங்கே போகாமல் இருந்துவிடாதே. டோன்யா எர்லிண்டா நாற்காலி போட்டுவைப்பார். தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளமாட்டார். உன் வாயால் வரட்டும் என்று காத்திருப்பதாக என்னிடம் சொன்னார். என்னைப் பற்றிக் கேட்பார். இரண்டு வாக்கியம் போதும்: அம்பாரோ நலமாக இருக்கிறாள். அவள் என்னோடு வாழவில்லை. க்ளினிக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு.

கெட்டிலைத் தேய்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அம்பாரோ


புவெர்த்தோ வயார்த்தா,
மார்ச் 15, 1998, ஞாயிறு

அம்பாரோவுக்கு,

இப்படி எழுதி ஆரம்பிப்பது இதுதான் முதல் தடவை.

ஒரு வருடமாக நீ எழுதாததைக் குறையாகச் சொல்லவில்லை. என் கடிதங்களுக்கும் பதில் தேவைப்படவில்லை, இப்போது யோசித்துப் பார்த்தால். எல்லாம் வானிலையும் பல்லும்தான்.

நீ சொன்னபடி பழகினேன். முதலில் கண்ணாடி முன்னால். பிறகு, சிரிக்காதே, நோயாளிகளிடம். வாயில் பஞ்சு வைத்த பிறகு அவர்களால் எதுவும் கேட்க முடியாதல்லவா? முதல் வாக்கியம் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு கிறிஸ்துமஸ் வரை ஆனது. பஸ்ஸில் வரும்போதும் ஜன்னலைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன்.

நேற்று மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. பக்கத்து பால்கனியில் யாரோ ஒரு இளம் தம்பதி ஈரத் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். டோன்யா எர்லிண்டாவின் வாரத்தை மகள் விற்றுவிட்டாளாம். அவர் நவம்பரில் போய்விட்டார். தூக்கத்திலேயே, நெஞ்சு. டக்தான் சொன்னார். கடைசிவரை முடியை வளர்த்துக்கொள்ளவே இல்லையாம், வெட்டியபடியே வைத்திருந்தாராம். மலையில் நடந்ததாலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

டக் உன்னைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "அடடா" என்று தோளைத் தட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். ஒரு வருடம் சுமந்ததற்கு அவ்வளவுதான். அவரிடம் சொல்வதற்காக நான் பழகவில்லை.

சாயங்காலம் நம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்றில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டியவர் இல்லாததால் உன்னிடமே சொல்கிறேன். நீயும் இதை என் வாயால் கேட்டதே இல்லை.

அம்பாரோ நலமாக இருக்கிறாள். அவள் என்னோடு வாழவில்லை.

ஃபெர்மின்