பதின்மூன்றாம் பாகத்துக்குக் காரணம் இல்லை

13 யூலை 2024, சனி

பதின்மூன்றாம் பாகமும் பார்த்து முடிந்தது. எரிச்சல்தான் மிச்சம்.

ஐந்தாம் பாகத்தில் பாலத்தைக் கடந்து, எங்கள் கண் முன்னாலேயே உப்புத் தூணாகிப்போன அண்ணன், இன்றைக்குத் தெருமுனையில் சூப் விற்றுக்கொண்டு நிற்கிறான். எப்படி வந்தான்? ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி மினோகூடக் கேட்கவில்லை! கட்டிப்பிடித்து அழுகிறாள், பின்னால் வயலின். பாலத்தைக் கடந்தவர் எவரும் திரும்புவதில்லை என்பதுதானே இந்த அனிமேயின் அடித்தளமே? 'உப்பு நகரம்' என்று பெயர் வைத்ததும் அதற்குத்தானே? ஓ.எல். சோதனைக்கு என்னிடம் ரியூசன் படிக்கும் பிள்ளைகள் கேத்திரகணிதத்தில் நடுவில் ஒரு படியை விழுங்கிவிட்டு 'ஆகவே' என்று எழுதினால் பூச்சியம் போடுவேன். ஜப்பானில் அதைப் படமாகக் கீறி உலகம் முழுக்க விற்கிறார்கள்.

லெனாட் போன் எடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அரை மணித்தியாலம். "ஓம் ஓம், நானும் பாத்தனான். நல்லா இருந்தது" என்றார்.

நல்லா இருந்ததா? இந்த மனிசனுக்கு என்ன நடந்தது?

20 யூலை, சனி

இன்றைய பாகம் இன்னும் மோசம். பிறகு ஏன் பார்க்கிறாய் என்று அம்மா கேட்டா. "உப்புத் தூண் வேதாகமத்திலையே இருக்கு. அதை வாசி, புண்ணியமாவது கிடைக்கும்."

ஏன் பார்க்கிறேன்? கலியாணம் முடிந்து லெனாட் குருநகரில் நின்றது இருபத்திரண்டு நாள். அதில் பாதி விருந்து. அவர் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு போனில் கதைக்க எங்களிடம் மூன்று கேள்விதான் இருந்தது. சாப்பிட்டீங்களா, அங்கை குளிரா, விசா விசயம் ஏதும் வந்ததா. நான்காவது கேள்வி இல்லாமல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அப்போது அவர்தான் சொன்னார், ஒரு தொடரைச் சேர்ந்து பார்ப்போம் என்று. எனக்குச் சனி பின்னேரம், அவருக்குச் சனி காலை. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணி ஒரே நேரத்தில் பிளேயை அமத்துவோம். ஐந்து கிழமை அப்படி. பிறகு அவருக்குச் சனியும் வேலை வந்தது. இடைவேளைக்குள் பார்த்துவிடுகிறார், பிறகு கதைக்கிறோம்.

கதை கெட்டதுதான். ஆனால் எங்களுடையது.

12 ஓகஸ்ட், திங்கள்

கொழும்பில் நேர்முகத்துக்குத் திகதி வந்துவிட்டது. ஒக்ரோபர் 9. விசாப் படிவம் நிரப்பும் பேதுரு அண்ணை எழுபத்திரண்டு கேள்வி தந்தார். லெனாட் படுக்கும் அறைச் சுவரின் நிறம், அவருடைய முதலாளியின் பெயர், அவருக்குச் சாப்பாட்டில் எது ஒத்துவராது. லெனாட்டுக்கும் அதேபோல ஒரு கட்டு. நீர்வேலிக்கு ரியூசன் எடுக்கப் போகும் பஸ்ஸில் பாடமாக்கினேன். சுவர் வெளிர் மஞ்சள். இறால் ஒத்துவராது. கடலோரக் குருநகர்ப் பெடியனுக்கு இறால் ஒத்துவராதாம், அதைக் கலியாணம் செய்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கடுதாசியில் படிக்கிறேன்.

28 செப்டெம்பர், சனி

'உப்பு நகரம்' முடிந்தது. எல்லாம் கனவாம். தூ.

9 ஒக்ரோபர், புதன்

எல்லாம் சொன்னேன். சுவர், முதலாளி, இறால். ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசியில் விசா அதிகாரி அம்மா கேட்டா, நீங்கள் இருவரும் சேர்ந்து செய்வது என்ன என்று. அது பேதுரு அண்ணை தந்த கட்டுக்குள் இல்லாத கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'உப்பு நகரத்தை' முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அண்ணன் காரணமில்லாமல் திரும்பி வந்ததற்கு ஏசவும் ஏசினேன். அவவும் சிரித்தா. மொழிபெயர்த்த பெடியனும் சிரித்தான்.

லெனாட்டையும் இன்றைக்கே போனில் விசாரித்தார்களாம். "எல்லாம் நல்லாச் சொன்னனான். யோசியாதையும்" என்றார்.

கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும்.

22 நவம்பர், வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள்.

கடிதம் இரண்டு பக்கம். சேர்ந்து பார்ப்பதாகக் கூறும் தொடரை மனைவி விரிவாக விவரித்தார். கணவரோ, அண்ணன் உப்பானதோடு கதை முடிந்துவிட்டது என்றார், அதன் பிறகு எதுவும் தெரியவில்லை. ஆகவே இந்த உறவு உண்மையானது என்று கொள்ள முடியவில்லை.

நாங்கள் பாடமாக்காமல் விட்ட ஒரே விசயம் இதுதான். உண்மையாய் நடந்ததைப் பாடமாக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அம்மா சமையலறையில் அழுகிறா. எனக்கு இன்னும் வரவில்லை.

23 நவம்பர், சனி

கேட்டேன். "ஆறாம் பாகத்திலையிருந்து நீங்கள் பாக்கேல்லையா?"

"வேலை முடிஞ்சு வந்தால் கண் இழுத்துப்போடும். நீர் சந்தோசமாக் கதைச்சுக்கொண்டிருந்தீர். ஏன் அதைக் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

"நான் சனிக்குச் சனி முழுக்கதையும் சொன்னனானே. நான் சொன்னதையாவது கேட்டிருந்தால் அவைக்குச் சொல்லியிருக்கலாமே?"

எங்கேயோ ஒரு லொறி பின்னுக்கு வரும் சத்தம் மட்டும் கேட்டது.

பாக்காட்டிப் பரவாயில்லை. உந்தக் குப்பையை ஆர் பாப்பினம்? எனக்கே பிடிக்கேல்லை, அவருக்காகத்தான் பாத்தனான். ஆனா பத்தொன்பது சனி— அந்த அண்ணன் திரும்பி வந்ததுக்கு எவ்வளவு கத்தினனான். ஒரு சொல்லும் காதிலை விழேல்லையா? நான் ஆரோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்?

24 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மழை என்று அம்மாவிடம் சொன்னேன்.

14 டிசம்பர், சனி

மேன்முறையீடு போட்டாயிற்று. ஒன்றரை வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாமாம். எனக்கு இப்போதே முப்பத்தொன்று.

"விசாரணையிலை உந்தப் படத்தைத்தான் முதல் கேப்பினம், பிள்ளை" என்றார் பேதுரு அண்ணை. "கதையைக் கேள்வி பதிலாய் எழுதி அவருக்கு அனுப்பும். பாடமாக்கட்டும்."

"அண்ணை, அது கதையே இல்லை."

"எங்களுக்கென்ன? ரெண்டு பேரும் ஒண்டைச் சொன்னால் சரி."

ரியூசனுக்கு வினாத்தாள் தயாரிக்கும் கொப்பியிலேயே எழுதினேன். நாற்பது கேள்வி.

18 ஜனவரி 2025, சனி

பத்தொன்பதாவது கேள்வியில் லெனாட் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறார். உப்பாகிய அண்ணன் எப்படித் திரும்பி வந்தான்? நான் எழுதியிருந்த விடை: காரணம் சொல்லப்படவில்லை.

"காரணம் இல்லாட்டில் மண்டையிலை நிக்குதில்லையப்பா" என்றார். களைத்த குரல்.

அதனால் காரணம் எழுதினேன். மாரி மழையில் உப்புக் கரைந்தது, உள்ளே அவன் உயிரோடு இருந்தான். மினோ ஏன் ஒன்றும் கேட்கவில்லை? கேட்டால் அவன் திரும்பவும் பாலத்துக்குப் போய்விடுவானோ என்ற பயம். கடைசியில் கனவு என்றதையும் வெட்டிவிட்டேன். அண்ணனும் தங்கச்சியும் சூப் கடையைப் பெரிதாக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். கொழும்பில் நான் சொன்னது வேறு கதைதான், ஆனாலும் ரெண்டு பேரும் ஒண்டைச் சொன்னால் சரிதானே.

இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. இவ்வளவு சுலபமா? எனக்கு ஏனோ அழுகை வந்தது. நவம்பரில் வராதது.

15 பெப்ரவரி, சனி

லெனாட் எடுத்தார். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். நாற்பதுக்கு நாற்பது. மாரி மழை, மினோவின் பயம், சூப் கடை எல்லாம் தட்டாமல் வந்தது. ஓரிடத்தில் யோசிப்பது போலக் கொஞ்சம் நிறுத்தியும் சொன்னார். பேதுரு அண்ணை பழக்கியிருப்பார்.

"உப்பிடிப் பாத்தால் நல்ல கதைதான் என்ன?" என்றார்.

"ஓம்."

"வேறை?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"வேறை ஒண்டுமில்லை."

"அப்ப வைக்கட்டே?"

"வையுங்கோ."

பதினொரு நிமிடம் என்று போன் காட்டியது. பேதுரு அண்ணை கேட்டிருந்தபடி அதைப் படமெடுத்து, எங்கள் கலியாணம் உண்மையானது என்பதற்கான சான்றுகளோடு சேர்த்து அனுப்பிவைத்தேன்.