கடைசி ஆட்டத்துக்கு நான் கொடுத்த மிஸ்ட் கோல்

மாஸ்டர்,

இன்றைக்கும் சதகுப்பைக் கீரை வந்து இறங்கியிருக்கிறது. நான்கு கட்டு. மரக்கறி கொண்டுவருகிறவரிடம் இனி வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாயெடுக்கிறேன், வருகுதில்லை. பெட்டியைத் திறந்தால் அந்த மணம் கடை முழுக்கப் பரவுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைக்கத்தான் சதகுப்பை என்று இருந்தவள் நான். அதன் இலையை அவித்த உருளைக்கிழங்குக்கு மேலே பச்சையாய்த் தூவிச் சாப்பிடுகிற மனிசரை உங்களுக்கு முதல் நான் கண்டதில்லை. "இது பிள்ளைப்பெத்த பொம்பிளையளின்ர சாமான், மாஸ்டர்" என்றேன் ஒருநாள். "அப்ப எனக்கும் பொருத்தம்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானும் அந்த நோவுதான் படுறன்" என்றீர்கள். கடையில் நின்ற பெண்டுகளுக்கு அதை நான் மொழிபெயர்க்க, சிரித்துச் சிரித்து ஒருத்தி பருப்புப் பையைக் கீழே போட்டாள்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று நீங்கள் இங்கிலிஷில் தத்தளித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் கோட்டுப் பைக்குள் ஒரு ஜெர்மன் பேப்பர் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஜெர்மனில் கேட்டேன். உங்கள் முகம் மலர்ந்ததே, அதை மறக்க ஏலாது. லண்டனுக்கு வர முதல் நான் ஜெர்மனியில் பதினொரு வருடம் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினவள். நீங்கள் அங்கே ஒரு கிளப்புக்காகப் பதினாலு வருடம் செஸ் விளையாடினவர். பிறகு ஒரு யாழ்ப்பாணத்து மனுசியும் ஒரு ரஷ்யரும் லண்டனில் நின்று ஜெர்மனில் சண்டை பிடிப்பதைச் சனம் தினமும் வேடிக்கை பார்த்தது. "கிராண்ட்மாஸ்டர்" என்று நீங்கள் சொன்னதில் முன்பாதியை நான் கழற்றி விட்டேன். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த நீங்கள், கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து, என்னை "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள்.

உங்கள் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள், கடைத் தட்டில் ரின்மீன் பேணிகளை அடுக்கிக்கொண்டு. இருபத்திநாலு வயதில், உலகப் பட்டத்துக்குச் சவால் விடப் போகிறவர்களைத் தெரிவு செய்கிற போட்டியில் அரைப் புள்ளியால் தவறினீர்கள். அடுத்த முறையும் போனீர்கள். அப்போது ஒரு புள்ளி. பிறகு யாரும் உங்களை அனுப்பவில்லை. ஜெர்மன் கிளப்பில் முதலாம் பலகையில் தொடங்கி, மூன்றாம் பலகை, ஆறாம் பலகை என்று வருடாவருடம் கீழே இறங்கினீர்கள். கடைசியாய் லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வார இறுதிப் போட்டிகளும். "நான் தோக்கிறேல்ல அக்கா. வெல்லிறதும் இல்லை" என்றீர்கள். அதுதான் உங்கள் வருத்தம். பதினைந்து நகர்த்தல் போனதும் "சமனோ?" என்று எதிராளியிடம் கேட்டுவிடுவீர்கள். அவரும் பெரிய மனிதருக்கு மரியாதை என்று ஓம் சொல்லிவிடுவார். ஒன்பது வருடமாய் ஒரு போட்டியிலும் முதலாவதாய் வரவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் இதய டொக்டர் போட்டிகள் காணும் என்று சொல்லிவிட்டார். நீங்கள் ஒரே ஒரு போட்டிக்கு அவரிடம் தவணை வாங்கிக்கொண்டு வந்தீர்கள், மார்ச்சில் வடக்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். "இந்தமுறை ஒருத்தரிட்டையும் சமன் கேக்கமாட்டன். ஒருக்கா வெண்டிட்டு எழும்பப் போறன்" என்றீர்கள். சத்தியமாய்ச் சொல்கிறேன், நீங்கள் எதையும் இவ்வளவு ஆசையாய்க் கேட்டு நான் கண்டதில்லை.

அந்த மாதங்கள் எங்களுக்கு எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டை நடந்த வன்னியில் இருந்த என் தம்பியின் குரல் ஜனவரியிலிருந்து இல்லை. காலையில் படி இறங்கி வந்ததும் "தம்பி?" என்று தமிழில் கேட்பீர்கள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். வேறொன்றும் கேட்காமல் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போவீர்கள். பெப்ரவரியில் பனி கொட்டி பஸ் எல்லாம் நின்றுபோன அன்று உங்களுக்கு எத்தனை தரம் போன் எடுத்தேன் தெரியுமா? நிப்பாட்டி வைத்திருந்தீர்கள். பின்னேரம் போல நனைந்துபோய் நடந்து வந்து கதவடியில் நின்றதும் எனக்குப் பேய் பிடித்தது. "இருக்கிறியளோ செத்திட்டியளோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இனிமேல் போனை நிப்பாட்டுற வேலை என்னட்ட வேண்டாம்!" என்று தமிழில் கத்தினேன். 'போன்' தவிர ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் "சரி அக்கா, இனி நிப்பாட்டமாட்டன்" என்று ஜெர்மனில் சொன்னீர்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அந்தப் போட்டிக்குப் போன நாளெல்லாம் சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வீர்கள். உங்களை ஏற்ற நான் வந்ததும் வாகனம் நிறுத்த இடமில்லாத ரோட்டில் நின்று ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பேன். எங்கள் சனத்தின் வழக்கம்தானே, வந்திட்டேன் என்பதற்கு ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டுகிறது. ஆட்டம் முடிந்து பார்த்துவிட்டு வருவீர்கள். விளையாடும்போது ஒருவருடைய போன் அடித்தால் அந்த ஆட்டம் அவருக்குத் தோல்வி என்று ஒரு விதி இருப்பதை நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேத்தண்ணிக்கு உங்களைக் கூப்பிடப் போன் அடித்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்துவிட்டுப் போயிருந்த போன் சத்தமில்லாமல் மின்னியது. முதல்நாள் குறைத்தது அப்படியே கிடந்தது. "சத்தம் வராத போன் ஆருக்கு?" என்று எனக்கு நானே புறுபுறுத்துக்கொண்டு சத்தத்தை முழுதாய்க் கூட்டினேன். நீங்கள் மேலே கண்ணாடி தேடிக்கொண்டிருந்தீர்கள். போனைக் கொண்டுபோய் உங்கள் கோட்டுப் பைக்குள் போட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விசயமாய்ப் படவில்லை, மாஸ்டர்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வானோடு வந்து சேர்ந்தேன். வழமைபோல ஒரு தரம் அடிக்க விட்டு வெட்டினேன். ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வர, நீங்கள் வாசலில் நின்றீர்கள். கோட்டுப் பொத்தான் பூட்டியிருக்கவில்லை.

"வெண்டியளோ?"

"இல்லை."

"சமனோ?"

"இல்லை அக்கா. தோல்வி."

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "அட கடவுளே! ஒன்பது வருசமாச் சமன் கேட்டுத் தப்பினியள். கேக்கிறதை விட்ட முதல் கிழமையே தோத்துப்போய் வாறியளே! இதுக்கு என்னோட நிண்டு அரிசி மூட்டை அடுக்கியிருக்கலாம்." நீங்கள் சிரித்தீர்கள். "ஓம் அக்கா, ஓம்" என்றீர்கள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, எதையோ அமத்திவிட்டுத் திரும்ப வைத்தீர்கள். நான் கொண்டுவந்த மீன் ரோலைச் சாப்பிட்டீர்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் வரும்வரை நான் அதே பகிடியை வேறு வேறு விதமாய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு நீங்கள் பலகையைத் திறக்கவில்லை. டொக்டர் சொன்னதைக் கேட்கிறீர்கள் என்று சந்தோசப்பட்டேன், மடைச்சி. மே மாதம் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். உங்களை எரித்த இடத்தில் ஏழு பேர் நின்றோம். அதற்கு அடுத்த கிழமை, தம்பி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று சேதி வந்தது. உங்களுக்குச் சொல்ல அரைவாசிப் படி ஏறின பிறகுதான் அறை வெறுமை என்று நினைவு வந்தது. அந்தப் படியிலேயே இருந்து அழுதேன். தம்பிக்காகவா உங்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். செந்தாடி வைத்த வெள்ளைக்காரர், கணக்கு வாத்தியாராம். நீங்கள் இங்கே குடியிருந்தீர்களா என்று கேட்டார். கடைசிச் சுற்றில் உங்களோடு விளையாடினவர் தான்தான் என்றார். அதால் எனக்குக் கிடைத்த முதலாம் இடத்தை நினைக்க வெட்கமாயிருக்கிறது, உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவர்தான் வென்றுகொண்டிருந்தார். எனக்குத் தப்ப வழியே இல்லை. அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. ஒரே ஒரு தரம்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன், எனக்குத் தெரியும்தானே.

"ஐந்துக்குக் கொஞ்சம் முதல்."

இப்படி ஒரு வெற்றி தனக்கு வேண்டாம், தொடர்ந்து ஆடுவோம் என்று அவர் உங்களிடம் கெஞ்சினாராம். விதி விதிதான் என்று நீங்கள் மணிக்கூட்டை நிறுத்தி, கைகொடுத்து, தோல்வி என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தீர்களாம். யார் கூப்பிட்டது என்று நடுவர் கேட்டிருக்கிறார். "வீட்டிலிருந்து" என்றீர்களாம்.

மாஸ்டர், முதலில் எனக்கு உங்கள்மேல் பொல்லாத கோபம்தான் வந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? "உங்களாலதான் அக்கா" என்று வானுக்குள்ளே வைத்து என்னைக் கிழித்திருந்தால் நான் குளறி அழுதிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பகிடி விட, பக்கத்தில் இருந்து ரோல் சாப்பிட்டீர்களே! பிறகுதான் யோசித்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் நான் அதற்குப் பிறகு ஒரு போனைத் தொட்டிருக்க மாட்டேன். தம்பியின் அழைப்புக்காக அந்த நாட்களில் நான் போனைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் கடைசி ஆட்டத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போனீர்கள். ஒன்பது வருடமாய்க் காத்திருந்ததை, ஒன்றும் தெரியாத ஒரு கடைக்காரிக்காக.

அந்த வாத்தியாரை நான் சும்மா போக விடவில்லை. உங்கள் பலகையை எடுத்து வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, போன் அடித்த நேரத்தில் காய்கள் இருந்தபடி அடுக்கச் சொன்னேன். மிச்சத்தை ஆடிக் காட்டுங்கோ என்றேன். ஒன்பது நகர்த்தல். கரையோரமாய் நின்ற உங்கள் காலாள் ஒவ்வொரு அடியாய் நடந்து கடைசி வரிக்குப் போய் ராணியாகிறது. அவருடைய ராசாவுக்குப் போக இடமில்லை. மூன்று தரம் காட்டச் சொன்னேன். சாமான் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள், நிற்கட்டும்.

எனக்கு இப்பவும் செஸ் தெரியாது. குதிரை எப்படிப் பாயும் என்று கேட்டால் முழிப்பேன். அந்த ஒன்பதும் மட்டும் பாடம். காலையில் கடை திறக்க முதல் இரண்டு பக்கத்துக்கும் நானே காயை நகர்த்தி அதை ஆடி முடிக்கிறேன். ஒருநாளும் தவறுவதில்லை, ஒவ்வொரு நாளும் நீங்கள்தான் வெல்கிறீர்கள். பிறகு காய்களைப் பெட்டிக்குள் போடும்போதுதான் ஏலாமல் வருகிறது.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாஸ்டர். அண்டைக்கு "வெண்டியளோ" எண்டு நான் கேட்டதுக்கு, நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருக்க வேணும்.