சிவப்புத் துணிக்குள் இருந்த கண்ணாடி

9.6.1998, செவ்வாய்
மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அரைப் பேர்கூட, அரைநாள் சம்பளம்கூட, விழாது. காற்றில் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. அடுப்படியெல்லாம் தண்ணீர்.

10.6.1998
தகரம் அடிக்க ஏறியவர்கள், என் காம்பராவுக்கும் பக்கத்து வீட்டு விஜயகலாவின் காம்பராவுக்கும் பொதுவான சுவரின் தலையில் ஒரு பொட்டலத்தைக் கண்டெடுத்தார்கள். சிவப்புத் துணி. பிரித்தால் கண்ணாடி. கோழி முட்டை அளவில் ஒரு குமிழ், அதன்மேல் மெல்லிய குழல், நுனியில் பாசிமணி மாதிரி ஒரு நீலப் பொட்டு. எங்கேயும் திறப்பு இல்லை. குமிழுக்குள் ஈயக் குண்டுகள். குழலுக்குள் சுருட்டிய காகிதம், அதில் பென்சிலால் கோடு கோடாக இழுத்திருக்கிறது.

சூனியம் என்று முதலில் சொன்னது யார், தெரியவில்லை. இரண்டாவதாகச் சொன்னது விஜயகலா. போன மாதம் அவளுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. "அதான் எம் புள்ள தங்கல. பக்கத்துலயே இருந்து வேல பாத்திருக்கா" என்று மண்ணை வாரி என் வாசலில் தூற்றினாள். பொட்டலத்தைத் தொட எல்லோருக்கும் பயம், நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

அன்று ஆஸ்பத்திரிக்கு லொறியில் போகும்போது அவள் தலை என் மடியில்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்ல?

11.6.1998
தண்ணீர் பிடிக்கும் பீலியில் என் குடத்தை எட்டி உதைத்தாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். இருபது காம்பரா வரிசையாக இருக்கிற லயம், நாக்கு மட்டும் நாற்பது.

12.6.1998, வெள்ளி
கணக்கப்பிள்ளை இராமையா லயத்துக்கே வந்துவிட்டார். தினமும் மடுவத்தில், பால் நிறுக்கும் கொட்டகையில், நின்று எங்கள் ரப்பர் பாலை அளந்து எழுதுகிறவர். முன்னே அவரும் எங்களைப்போல பால் வெட்டியவர்தான். அதை அவர் மறந்து ரொம்ப நாளாயிற்று.

"இந்திராணி, அத எங்கிட்ட குடு. தொட்டா ஆகாது. நானே ஆத்துல விட்டுர்றேன்."

"தொட்டா ஆகாதுன்னா ஒங்க கைக்கு மட்டும் ஆகுமாங்கய்யா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: இந்த லயத்தில் நான் இருந்தால் சண்டைதான், மாசக் கடைசியில் காம்பராவைக் காலி பண்ணி மேல் டிவிசனுக்குப் போய்விட வேண்டும். கூட்டம் தலையாட்டியது. மேல் டிவிசனில் இருப்பது மாட்டுக் கொட்டில், காம்பரா இல்லை.

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கொடுக்க மாட்டேன். என் கூரையில் கிடந்தது, என் சாமான்.

இந்த மனுசன் அழகமுத்து, பதினேழு வருசம் நான் ஆக்கிப் போட்டதைத் தின்ற மனுசன், "நீ செய்யலன்னு நான் எத வச்சு சொல்றது?" என்று கேட்கிறார். பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போகட்டும். பாய் பழசு.

13.6.1998
கண்ணாடியில் ஒட்டடை. கழுவலாம் என்று தண்ணீர் வாளியில் போட்டேன்.

நின்றது! முழுகவும் இல்லை, சாயவும் இல்லை. குமிழ் அடியில், குழல் மேலே, ஆள் நிற்பதுபோல நேராக. தண்ணீர் மட்டம் சரியாக முதல் கோட்டில்.

இதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். மடுவத்தில் இராமையா எங்கள் பாலில் போடும் பித்தளைக் குழலும் இப்படித்தான் நிற்கும். நல்ல பாலில் ஆழமாக இறங்கும், தண்ணீர் பாலில் மேலே மிதக்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் எங்களுக்கு எத்தனை கிலோ என்று எழுதுவார்.

சூனியமாம். பால் பார்க்கிற சாமான்! அப்படியானால் துணியில் சுற்றி ஒளித்தது ஏன்?

14.6.1998, ஞாயிறு
யட்டியாந்தோட்டை பஜாரில் போத்தல் வாங்கி விற்கும் மஹ்ரூப் கடையில் காட்டினேன். அவர் நீலப் பொட்டைத்தான் முதலில் பார்த்தார். "இது மிசினு வேல இல்ல, வாயால ஊதினது. வரக்காப்பொலயில சாலி நானா அத்தர்க் குப்பி ஊதுவாரு. எல்லாத்துக்கும் இந்தப் பொட்டு வப்பாரு."

17.6.1998
மழை, வேலை இல்லை. நல்லதாகப் போயிற்று. இரண்டு பஸ் மாறி வரக்காப்பொல போனேன்.

எல்லோரும் நானா என்று, அண்ணன் என்று, கூப்பிடும் சாலிக்கு எழுபது இருக்கும். ஒரு கண் மங்கல். கையில் வாங்கியதும் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ட புள்ளதான்" என்றார். பதினாறு பதினேழு வருசத்துக்கு முன்னால் ஒரு ஆள், தோட்டத்துப் பித்தளைக் குழலைத் துணியில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தானாம். அதேபோல ஒன்று செய்து கேட்டானாம்.

"பித்தளைய வெறுந் தண்ணில போட்டுப் பாத்தம், தங்கச்சி. தண்ணில அது மொதக் கோட்டுல நிக்கோணும். நிக்கல்ல, மேல மெதக்குது. பொரட்டிப் பாத்தா அடிய அரத்தால அராவி ஈக்கிது. கனம் கொறஞ்சா மேல மெதக்கும். எவ்வளவு நல்ல பாலெண்டாலும் கொறச்சுத்தான் காட்டும். நான் அராவாத கணக்குக்கு ஊதிக் குடுத்தேன்."

"அந்த ஆளு பேரு ஞாபகம் இருக்குங்களா நானா?"

"ராமையா."

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எங்களுக்கு முன்னால் இந்தக் காம்பராவில் இருந்தவர் அவர்தானே! கணக்கப்பிள்ளையாகி குவார்ட்டர்ஸ் போனார், எங்களுக்கு இது கிடைத்தது. இது எப்படி எனக்கு முதலிலேயே தோன்றாமல் போயிற்று? மக்கு நான்.

22.6.1998
மூன்று நாளாக, மடுவத்துக்கு இறங்குமுன் மரத்தடியிலேயே என் பாலில் கண்ணாடியைப் போட்டு எந்தக் கோடு என்று பார்க்கிறேன். ஏழு. இராமையா பித்தளையைப் போட்டுவிட்டுச் சொல்வது ஐந்து.

ஏழு, ஐந்து. ஏழு, ஐந்து. இன்றும் அதேதான்.

25.6.1998
மடுவத்தில் என் முறை வந்தபோது, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "ஐயா, அந்தப் பித்தளைய ஒருக்கா வெறுந் தண்ணில போட்டுக் காட்டுங்க."

கையிலிருந்த பென்சில் விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். மரியாதையாகத்தான்.

28.6.1998, ஞாயிறு
வந்தார். இராமையா என் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

"நானும் ஒருக்கா இதத் தூக்கிக்கிட்டு ஆபீசு வாசல்ல நின்னவந்தான், இந்திராணி. பெரிய கிளாக்கரு உள்ள கூப்பிட்டாரு. வெளிய வரும்போது நான் கணக்கப்பிள்ள."

"இத ஏன் ஒடைக்காம வச்சீங்க?"

"ஒடைக்க மனசு வரல."

அப்புறம் விசயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோர் முன்னாலும் இது தன் சாமான், சூனியம் இல்லை என்று சொல்லிவிடுவார். காம்பரா எனக்கே. என் பாலுக்கு இனி சரியான கணக்கு. நான் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"மத்தவங்க பாலு?" என்று கேட்டேன். "ஒம் பாலப் பத்தி மட்டும் பேசு" என்று எழுந்துகொண்டார்.

29.6.1998
யாருக்காக நான் பேசணும்? கொடத்த ஒதச்சாளே, அவளுக்கா? சிரிச்சவளுகளுக்கா? வாசல்ல மண்ணத் தூத்தினவளுக்கா? ஒருத்தி, ஒரே ஒருத்தி, "இந்திராணி அப்படிச் செய்ய மாட்டா"ன்னு சொன்னாளா? புருசனே சொல்லல.

கிடக்கட்டும் எல்லோரும். ஐந்திலேயே கிடக்கட்டும்.

3.7.1998, வெள்ளி
சொன்னார். அம்மன் சந்நிதியில் கூசாமல் சொன்னார்: முன்பிருந்த தொரை பங்களாவில் மழை பார்க்கிற சாமானாம், வேண்டாமென்று வீசியதை எடுத்து வைத்து மறந்துவிட்டாராம். இரண்டு நிமிசம் ஆகவில்லை, எல்லோரும் நம்பிவிட்டார்கள். சூனியத்தை நம்பினவர்களுக்கு இதை நம்ப என்ன கஷ்டம்?

கண்ணாடியை அவர் கையில் வைத்தேன். குமிழ் இன்னும் என் கைச்சூட்டில் இருந்தது.

அழகமுத்து பாயோடு வந்து சேர்ந்தார். சோறு போட்டேன்.

8.7.1998
ஏழு.

24.7.1998, ஆடி வெள்ளி
விஜயகலா வந்தாள். கிண்ணத்தில் பலாக்கொட்டைக் கறி. "என்னய மன்னிச்சிருங்கக்கா. வயிறெரிஞ்சு பேசிட்டேன்" என்று அழுதாள். உட்காரச் சொன்னேன். கறியில் உப்புக் கூடுதல், இருந்தாலும் தின்றேன்.

இன்று மடுவத்தில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். அவள் பால் என் பாலைவிடக் கெட்டி, கண்ணாலேயே தெரிந்தது. அவளுக்கு ஐந்து. எனக்கு ஏழு.

அதைத்தான் அவளும் பேசினாள். "ஒங்க மரமெல்லாம் இப்ப நல்லா ஓடுதுக்கா. நானும் விடியறதுக்கு முன்னாடியே போயி வெட்டுறேன், கணக்கு ஏற மாட்டேங்குது. எம் மேல இருக்கிற தோசம் இன்னும் முழுசாப் போகல போல."

"ஒம்பது வெள்ளி வெளக்குப் போடு, சரியாயிரும்" என்று சொல்லி, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.