இலை சுற்றிய கூடுகள்

அன்புள்ள மகளுக்கு,

பட்டுக்கூடு வியாபாரத்தில் ஓசூரில் வீடு கட்டியவன் நான். பூச்சியைப் பற்றி நீ சொல்லித்தான் தெரியும். "வண்ணத்துப்பூச்சியோட உணர்கொம்பு நுனியில குண்டூசித் தலை மாதிரி இருக்கும்பா. அந்துப்பூச்சிக்கு இறகு மாதிரி. பட்டுநூல்ல கூடு கட்டறது அந்துதான்" என்பாய். "எதுவா இருந்தா என்னம்மா, சோறு போடுதே" என்று சிரிப்பேன்.

பூச்சி வெளியே வந்தால் நூல் அறுந்துவிடும் என்று நாம் கூடுகளை ஆவியில் வைப்போம். போன ஆடியில், ஆராய்ச்சிக்காக நீ தளிக் காட்டிலிருந்து கொண்டுவந்த நாற்பது அந்துக்கூடுகளும் அதில் வெந்துபோயின. வேலைக்கார ரங்கம்மா தெரியாமல் கலந்துவிட்டாள் என்றேன். நீ பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாய்.

நான்தான் போட்டேன். முப்பது வருடம் கூடு பிரித்த கை இது. இலை சுற்றிய காட்டுக்கூடும் நம் வெள்ளைக்கூடும் தொட்டாலே தெரியும். அவை போனால் படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பாய் என்று நினைத்தேன்.

நேற்று ரங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க. பாப்பாவுக்கும் தெரியும். நான்தானே வழியனுப்பப் போனேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நின்னுச்சு" என்றாள்.

அந்த நேரம் நான் கிருஷ்ணகிரியில் கூடு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தேன், அம்மா.

உன் அப்பா